வண்டும் வெடிகலமும்

தமிழ் நூலார் படைக்கலங்களைக் கைவிடாப் படை, கைவிடு படை என இரண்டாக வகுத்தனர். வாளும் ஈட்டியும் ஏந்தியவன் கையிலேயே நின்று பொருவன. அம்பும் கவண்கல்லும் கையை விட்டு நீங்கியபின் மீளாதன. பிற்காலத்துத் துப்பாக்கிக் குண்டும் எறிகணையும் இந்த இரண்டாம் வகையுள் அடங்கும். ஆனால் இவ்விரு வகையுள்ளும் முற்ற அடங்காத ஒரு படைக்கலம் இன்று உலகின் களங்களில் உலவுகின்றது. ஏவியவன் கையை விட்டு அது நீங்கும். நீங்கியும் உடனே தாக்காது. வானில் வட்டமிட்டுக் காத்திருக்கும். கீழே இலக்கைத் தேடும். கண்டதும் அதன்மேல் வீழ்ந்து வெடித்துத் தானும் அழியும். இலக்குக் கிடையாவிடின் ஏவியவன் அழைப்புக்கு மீள்வனவும் இவற்றுள் உண்டு. இதனை நாம் இக்கட்டுரையில் 'வட்டமிடும் வெடிகலம்' என்று வழங்குவோம்.

தமிழாசிரியர்க்குப் படைக்கல ஆராய்ச்சி எதற்கு என்று வினவுவாரும் உளர். சொல்லை ஆராய்தல் எமது தொழில். இக்கருவிக்கு மக்கள் இட்ட பெயர்கள் ஆராயத் தக்கன. அன்றியும், பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் அமைந்த எமது தர்மபுரம், தலைக்குமேல் ஒன்று இரைந்து வட்டமிடுதல் எத்தகையது என்பதை நூலினால் அன்றிச் செவியினால் அறிந்த ஊர். இன்று எம் வகுப்புகளிலிருக்கும் மாணவரோ 2009ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்தவர். பெற்றோர் செவியால் அறிந்ததை இவர்கள் நூலால் அறிதல் வேண்டும் என்பதே எமது நோக்கம்.

பெயர் ஆராய்ச்சி

'ட்ரோன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் ஆண் தேனீ என்பதாம். அது விமானத்துக்குப் பெயரான வரலாறு சுவையுடையது. 1935ஆம் ஆண்டில் பிரித்தானியர், பீரங்கிப் படையினர் சுட்டுப் பழகுதற்காக, வானொலி அலையால் இயங்கும் ஆளில்லா விமானமொன்றைச் செய்தனர். அதற்கு 'ராணித் தேனீ' எனப் பெயரிட்டனர். அதனைக் கண்டு தம் நாட்டிலும் அவ்வாறு செய்ய முனைந்த அமெரிக்கக் கடற்படையினர், ராணித் தேனீக்கு இணையாக ஆண் தேனீயின் பெயரைத் தம் கருவிக்குச் சூட்டினர். 1936 அளவில் டெல்மர் ஃபார்னி என்னும் கடற்படை அதிகாரி இச்சொல்லை வழக்கிற் புகுத்தினார்.

இது கருவியைச் செய்தோர் இட்ட பெயர். கருவியின் கீழ் வாழ்ந்தோர் இட்ட பெயர்கள் வேறு. 1944ஆம் ஆண்டில் ஜேர்மனியர் லண்டன்மீது ஏவிய வி-1 என்னும் பறக்குங் குண்டை அந்நகர மக்கள் 'ரீங்காரக் குண்டு' என்றும், பூச்சிப் பெயரொன்றால் 'டூடில்பக்' என்றும் அழைத்தனர். காஸா மக்கள் தம் வானிலுள்ள ஆளில்லா விமானத்தை 'ஸனானா' என்பர். இரைவது என்பது அதன் பொருள். உக்ரேன் மக்கள் 2022ஆம் ஆண்டு முதல் தம் நகர்களின்மேல் வரும் வெடிகலத்தை, அதன் பொறி எழுப்பும் ஒலி கருதி, 'மொபெட்' என்கின்றனர். எம் வன்னி மக்கள் 'வண்டு' என்றனர்.

மொழியால் வேறுபட்ட இம்மக்கள் யாவரும் ஒலியையே பற்றிப் பெயரிட்டமை நோக்குக. உயரத்தில் நிற்பதை அவர்கள் கண்ணாற் கண்டது அரிது. செவியாற் கேட்டது பெரிது. இராணுவ நூல்கள் இதன் இறக்கையின் நீளத்தையும் சுமையின் எடையையும் கூறும். மக்கள் இட்ட பெயரோ, இரவில் உறக்கமின்றிக் கிடந்தவன் எதனைக் கேட்டான் என்பதைக் கூறும். ஆதலால் இப்பெயர்களும் வரலாற்றுச் சான்றுகளே.

இனி, செய்தித்தாள்கள் இதனைத் 'தற்கொலை ட்ரோன்' என்று எழுதும் வழக்கைக் கருதுவோம். இரண்டாம் உலகப்போரில், 1944 ஒக்டோபரில், பிலிப்பைன்ஸ் கடற்பரப்பில் யப்பானிய விமானிகள் வெடிகுண்டோடு தம் விமானங்களைப் பகைவர் கப்பல்கள்மீது மோதத் தொடங்கினர். அதற்கு முன்னரே, 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானியர் திருகோணமலையைத் தாக்கியபோது, அவர்தம் விமானமொன்று சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கியொன்றில் மோதி எரிந்ததாக வரலாறு சொல்லப்படுகின்றது. 2009 பெப்ரவரி 20ஆம் நாள் இரவு விடுதலைப் புலிகளின் இரு சிறு விமானங்கள் கொழும்பை நோக்கிச் சென்றன. ஒன்று உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது, மற்றொன்று கட்டுநாயக்கப் பகுதியில் வீழ்த்தப்பட்டது. இவற்றிலெல்லாம் மோதியவன் உயிரும் உடன் போயிற்று.

வட்டமிடும் வெடிகலத்திலோ போக்குதற்கு உயிர் ஏதுமில்லை. ஏவியவன் பல கல் தொலைவில் நிழலில் அமர்ந்திருக்கின்றான். தாக்குபவனுக்கு உயிரிழப்பு இல்லாமையே இதன் தலையாய இயல்பு. 'தற்கொலை' என்னுஞ் சொல் அவ்வியல்பை மறைத்துவிடுகின்றது. ஆதலால் அச்சொல்லை நாம் விலக்குவோம்.

தோற்றமும் வளர்ச்சியும்

ஆளின்றிப் பறந்து சென்று வெடிக்கும் கருவியை ஆக்கும் முயற்சி முதலாம் உலகப்போர்க் காலத்திலேயே தொடங்கிற்று. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து டேற்றன் நகரில் சாள்ஸ் கெற்றரிங் என்பார் 1918ஆம் ஆண்டில் மரத்தாலும் காகிதக் கூழாலும் ஒரு சிறு விமானம் செய்தார். அது ஏறத்தாழ 80 கிலோகிராம் வெடிமருந்தைச் சுமந்து 120 கிலோமீற்றர் வரை செல்லவல்லது. இலக்கின் தூரத்தையும் காற்றின் வேகத்தையும் கணித்து, பொறி எத்தனை முறை சுழலவேண்டும் என்பதை முன்னரே அமைத்துவிடுவர். அத்தனை சுழற்சி முடிந்ததும் பொறி நிற்கும், இறக்கைகள் கழன்றுவிடும், உடல் குண்டாகக் கீழே வீழும். 50க்குக் குறைந்த தொகையே செய்யப்பெற்ற நிலையில் போர் முடிந்தமையால் அது களங் காணவில்லை. அதற்கும் 'பூச்சி' என்பதே பெயராயிற்று.

வி-1 இக்கருத்தின் வளர்ச்சியாகும். 1944 யூன் 13ஆம் நாள் முதலாவது வி-1 லண்டனில் வீழ்ந்தது. 850 கிலோகிராம் வெடிமருந்தைச் சுமந்த அதுவும் குறித்த தூரம் சென்றதும் தலைகீழாகப் பாயும். பாயும்போது பொறி நின்றுவிடுதலால் ஒலி அடங்கிவிடும். ஆகவே லண்டன் மக்கள் ஒலியைக் கேட்டு அஞ்சினர். ஒலி நின்றபோது அதனினும் மிகுதியாக அஞ்சினர். இங்கிலாந்தில் 6,000க்கு மேற்பட்டோர் இதனால் மாண்டனர்.

இவ்விரண்டும் குருட்டுக் கருவிகள். எங்கே வீழவேண்டும் என்பது புறப்படுமுன்னரே முடிவாகிவிட்டது. வழியில் எதனைக் கண்டும் அவை மனம் மாறா. மாறுதற்கு அவற்றுக்குக் கண் இல்லை. கண் பெற்ற வரலாறு பின்னையது.

1973ஆம் ஆண்டு மத்திய கிழக்குப் போரில், ராடார் கொண்டு விமானம் வீழ்த்தும் ஏவுகணைகளால் இஸ்ரேல் பல விமானங்களை இழந்தது. ராடார் ஒலிபரப்பினால் அதன் இருப்பிடம் வெளிப்படும், நிறுத்திவிட்டால் மறைந்துவிடும். அஃது எப்பொழுது விழிக்கும் என்று அறியாமல் விமானியை அனுப்புதல் உயிரை இழத்தலாகும். விழிக்கும் வரை வானிலே காத்திருக்கும் ஆளில்லாக் கருவி ஒன்று இருந்தால் என்ன என்ற எண்ணம் இங்குதான் வலுப்பெற்றது. 1980களின் பிற்பகுதியில் இஸ்ரேல் விமானத் தொழிலகம் 'ஹார்ப்பி' என்னும் கருவியை ஆக்கியது. வண்டியிலுள்ள பெட்டியிலிருந்து கிளம்பி, வானில் வட்டமிட்டு, ராடாரின் அலை எழுந்ததும் அதனைப் பற்றிக்கொண்டு அதன் பிறப்பிடத்தில் வீழ்வது அதன் தொழில். இடையில் மனிதன் கட்டளை வேண்டியதில்லை. அதன்பின் வந்த 'ஹாரொப்' என்பதற்குப் படக்கருவி பொருத்தினர். தொலைவிலிருப்பவன் அதன் கண்ணாற் கண்டு இலக்கைத் தெரிந்து ஏவுவான். அமெரிக்கரின் 'சுவிச்பிளேட் 300' சிப்பாய் ஒருவன் முதுகிற் சுமக்கத்தக்க 2.5 கிலோகிராம் அளவினது. சில நிமிடமே பறக்கும். இறுதி நேரத்திலும் தாக்குதலைத் தவிர்த்து விலகவல்லது.

ஆகவே வளர்ச்சியின் படிகள் மூன்று. முதற்படியில் கருவி பறந்தது; கண்ணில்லை. இரண்டாம் படியில் கண் பெற்றது. அக்கண்ணின் பின்னே மனிதன் இருந்தான். மூன்றாம் படியில், கணினியின் துணையாற் கருவியே கண்டு கருவியே தெரிந்து கருவியே தாக்கும். ராடாரை மட்டும் தேடிய ஹார்ப்பி இம்மூன்றாம் படியைத் தொட்டது. இன்று ராடாரையன்றி வண்டியையும் மனிதனையும் படத்தில் அடையாளங் காணும் முயற்சிகள் பெருகியுள்ளன.

களத்திற் கண்டவை

2016 ஏப்ரலில் அசர்பைஜானுக்கும் ஆர்மீனியருக்கும் நாகோர்ணோ-கரபாக் பகுதியில் நான்கு நாட்கள் நிகழ்ந்த போரில், ஹாரொப் ஒன்று தொண்டர் படையினரை ஏற்றிச் சென்ற பேருந்தின்மேல் வீழ்ந்தது, எழுவர் மாண்டனர். 2020 செப்டெம்பர் 27 முதல் நவம்பர் 10 வரை அங்கு மீண்டும் நிகழ்ந்த போரில் அசர்பைஜான் ஒரு தந்திரம் செய்தது. பழைய இருதட்டு இறக்கை விமானங்களை ஆளின்றிப் பறக்கவிட்டது. அவற்றைச் சுட ஆர்மீனியரின் ராடார்கள் விழித்தன. விழித்தமையால் இருப்பிடம் வெளிப்பட்டது. மேலே காத்திருந்த கருவிகளுக்கு அவை இரையாயின. 44 நாட்களில் அப்போர் முடிந்தது. உலகின் படைத்தலைவர்கள் பலர் தம் பாடநூலை அதன்பின் திருத்தி எழுதினர்.

உக்ரேன் போரில் இக்கருவிகள் ஆயிரக்கணக்காகப் பெருகின. ஈரானில் ஆக்கப்பெற்று, ருஷ்யாவும் பின்னர்த் தானே செய்துகொண்ட 'ஷாஹெட் 136' ஏறத்தாழ 200 கிலோகிராம் எடையுடையது. மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தில் நெடுந்தூரம் செல்லும். குறித்த இடத்தை நோக்கி நேரே செல்வதால் இது வட்டமிடும் இனத்தைச் சேர்ந்ததன்று, ஒருவழிப் போக்கினது என்பார் கூற்றுப் பொருந்தும். கெற்றரிங்கின் பூச்சிக்கு இதனைப் பேரன் எனலாம். 2022 ஒக்டோபர் 17ஆம் நாள் கீவ் நகரில் இது குடியிருப்பு மனையொன்றைத் தாக்கியபோது மாண்டோருள் கருவுற்ற பெண்ணொருத்தியும் இருந்தாள். ஒரு ஷாஹெட்டின் விலை சில பத்தாயிரம் டொலர் என மதிப்பிடப்படுகின்றது. அதனை வீழ்த்த எய்யும் ஏவுகணையின் விலையோ பல இலட்சம் டொலராதல் உண்டு. காப்பவன் கருவூலத்தை வறிதாக்குதலும் இப்போர்முறையின் ஓர் அங்கமாயிற்று.

அயல்நாடாகிய இந்தியா ஹாரொப்பை விலைக்கு வாங்கியதன்றித் தானும் இவ்வினக் கருவிகளைச் செய்கின்றது. நாகபுரியிலுள்ள சோலார் நிறுவனத்தார் ஆக்கிய 'நாகாஸ்திரம்-1' என்னும் கருவிகளுள் முதற்பகுதியாக 120, 2024 யூனில் இந்தியத் தரைப்படைக்கு வழங்கப்பட்டன. அது ஒரு கிலோகிராம் வெடிமருந்தைச் சுமப்பது. இலக்குக் கிடையாவிடின், அல்லது தாக்குதல் கைவிடப்படின், அதனை அழைத்துப் பரசூட்டால் இறக்கி மீண்டும் பயன்படுத்தலாம். 2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் பொருதபோது இருபாலும் ஆளில்லாக் கருவிகள் பாய்ந்தன. இந்தியா ஹாரொப்பைக் களத்திற் செலுத்தியது. தென்னாசியாவில் அணுகுண்டு வைத்திருக்கும் இரு நாடுகள் இக்கருவிகளால் மோதிய முதற்போர் அதுவாகும்.

வன்னி கண்டது

எமது நாட்டுப் போரில் வட்டமிடும் வெடிகலம் பயன்பட்டதன்று. இலங்கை விமானப்படை 1990களின் நடுப்பகுதி முதல் இஸ்ரேலில் ஆக்கிய வேவு விமானங்களைக் கொண்டிருந்தது. முன்னே 'ஸ்கவுட்' இனமும், பின்னே 'சேர்ச்சர்' இனமும் பறந்தன. அவை படக்கருவி சுமந்தன; குண்டு சுமக்கவில்லை. ஆங்கிலச் சொல்லின் பொருளோடு இது ஒத்துப்போதல் வியப்பே. ஆண் தேனீக்குக் கொடுக்கு இல்லை.

கொடுக்கில்லாத அவ்வண்டைக் கண்டு மக்கள் அஞ்சியது ஏன்? அதன் இரைச்சலுக்குப் பின் வருவது எதுவென அவர் அறிவர். வண்டு வட்டமிடும், பார்த்துச் செல்லும், சிறிது பொழுதிலோ மறுநாளிலோ கிபிர் விமானம் வரும், அன்றி எறிகணை வரும். கண் ஓரிடத்திலும் கை வேறோரிடத்திலும் இருந்தன. அவ்விரண்டிற்கும் இடையே ஒரு பொழுது இருந்தது. அப்பொழுதில் பிள்ளைகளைப் பதுங்குகுழியில் இறக்கினர், அடுப்பை அணைத்தனர், வெள்ளைத் துணியைக் கொடியிலிருந்து எடுத்தனர்.

அப்பொழுது தவறாத காப்பாக இருந்ததில்லை. 2006 ஓகஸ்ட் 14ஆம் நாள் வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின்மீது விமானப்படை குண்டு வீசியபோது 50க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பெரும்பாலார் பாடசாலை மாணவியர். அது படைப் பயிற்சி முகாம் என்றது அரசு. அங்கிருந்தோர் பாடசாலைகளிலிருந்து வந்த பிள்ளைகள் என்றது யுனிசெப். வானிலிருந்து நோக்கும் கண் ஓர் உருவத்தின் ஓட்டத்தைக் காணும். ஓடுவது யார், எதற்காக ஓடுகின்றார் என்பதைக் காணாது. அதனைத் துணிவது கண்ணன்று, கண்ணின் பின்னிருக்கும் அறிவு. அவ்வறிவு தவறின் திருத்துதற்கு இடமில்லை.

2008ஆம் ஆண்டின் இறுதியில் கிளிநொச்சி மருத்துவமனை தர்மபுரத்துக்குப் பெயர்ந்து வந்தது. வீதியின் இரு மருங்கும் தறப்பாள் கொட்டில்கள் நிறைந்தன. 2009 ஜனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி படையினர் வசமாயிற்று. அம்மாத நடுப்பகுதியில் தர்மபுரமும் அவ்வாறாயிற்று. அந்நாட்களில் இங்கிருந்தோர் வண்டின் கீழே சமைத்தனர், நோயாளியைத் தூக்கினர், பிணத்தைப் புதைத்தனர். இன்று திருமண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ படம் பிடிக்கச் சிறு ட்ரோன் ஒன்று மேலெழும்போது, இளையோர் கையசைக்கின்றனர். முதியோர் பேச்சை நிறுத்திவிடுகின்றனர். ஒரே ஒலிக்கு ஒரு வீட்டிலேயே இரண்டு பொருள் உளவாயின.

இப்பொழுது வட்டமிடும் வெடிகலத்தின் புதுமை தெளிவாகும். வன்னி கண்ட வண்டையும் அதன்பின் வந்த குண்டையும் அஃது ஒன்றாக்கிவிட்டது. கண்ணும் கையும் ஓருடலாயின. இடையிலிருந்த பொழுது சில கணமாகச் சுருங்கிற்று. வண்டுக்குக் கொடுக்கு முளைத்தது. அதுவும் ஒருமுறை கொட்டியதும் தானும் மடியும் வேலைக்காரத் தேனீயின் கொடுக்கு.

விடுத்தலும் மீட்டலும்

இதனை ஆதரிப்போர் கூறும் நியாயம் ஒன்றுண்டு. அதனையும் எடுத்துரைத்தல் முறை. பீரங்கிக் குண்டு கண்ணில்லாதது, ஊரையே அழிக்கும். இக்கருவியோ இலக்கை நேரே காண்கின்றது. சிறிய வெடியால் குறித்ததை மட்டும் தாக்கவல்லது. பிள்ளை ஒன்று குறுக்கே வரின் விலகவும் வல்லது. ஆகவே இது மற்றைய படைக்கலங்களினும் அறத்துக்கு அணுக்கமானது என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின் அவ்வுண்மை முழுவதும் 'விலகவும் வல்லது' என்னும் ஒரு சொற்றொடரிலே தங்கியிருக்கின்றது. விலக்குவோன் ஒருவன் இருந்தாலன்றோ விலகும்?

இதற்கு எமது இதிகாசத்திலேயே சான்று உண்டு. மகாபாரதத்துச் சௌப்திக பருவத்தில், உறங்கினாரைக் கொன்று ஓடிய அசுவத்தாமன் புல்லொன்றை எடுத்துப் பிரமசிரம் என்னும் அத்திரத்தை ஏவினான். அருச்சுனனும் அதற்கு எதிராக அதே அத்திரத்தை விடுத்தான். உலகம் அழியுமென்று நாரதரும் வியாசரும் இடையில் நின்று, இருவரையும் மீட்குமாறு பணித்தனர். அருச்சுனன் மீட்டான். அசுவத்தாமனுக்கு விடுக்கத் தெரிந்தது, மீட்கத் தெரியவில்லை. மீட்டற்கு வேண்டிய அடக்கமும் நோன்பும் அவனிடத்தில் இல்லை என்கின்றது அக்கதை. மீட்க மாட்டாத அவ்வத்திரம் ஈற்றில் எங்கே சென்றது? உத்தரையின் கருவிலிருந்த குழந்தையின்மேற் சென்றது. பொருதவர் இருவரும் உயிரோடிருக்கப் பிறவாத பிள்ளை அதற்கு இலக்காயிற்று. இருவர் அத்திரமும் ஒன்றே. இருவர் கல்வியும் துரோணரிடம் பெற்றதே. வேறுபாடு மீட்டலில் மட்டுமே இருந்தது.

பழங்கதை கூறும் இந்நெறியை இக்காலச் சட்டமும் கூறுகின்றது. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977ஆம் ஆண்டில் இயற்றிய முதலாம் மேலதிக நெறிமுறையின் 57ஆம் உறுப்புரை, இலக்கு இராணுவ இலக்கன்று எனத் தெரியவருமிடத்துத் தாக்குதலைக் கைவிடவோ நிறுத்தவோ வேண்டும் எனப் பணிக்கின்றது. இங்ஙனம் மீட்டல் சட்டத்தின் கடமையாகவும் உள்ளது. 'தெரியவருதல்' என்பது யாருக்கு? படத்திலுள்ள புள்ளிகளைக் கணக்கிடும் பொறிக்கு ஒன்றும் தெரிவதில்லை. கையில் இருப்பது மண்வெட்டியா துப்பாக்கியா என்பதை ஒருவேளை அது பிரிக்கும். துப்பாக்கி பிடித்தவன் சரணடைய வருகின்றானா என்பதை அறியுமா? அறியாமற் கொன்றால் யாரை விசாரிப்பது? ஏவிய சிப்பாயையா, கணக்கெழுதிய பொறியியலாளரையா, விற்ற நிறுவனத்தையா? குற்றம் பலர்மேற் பகிரப்படின் ஈற்றில் எவர்மேலும் நில்லாது.

வன்னி மக்களுக்கு இவ்வினாப் புதிதன்று. மிதிவெடியும் காத்திருக்கும் படைக்கலமே. மிதிப்பவன் சிப்பாயா, விறகு பொறுக்கும் பெண்ணா என்பதை அஃது அறியாது. போர் முடிந்ததையும் அறியாது. போர் ஓய்ந்து ஆண்டுகள் பல சென்றபின்னும் முகமாலை முதலிய இடங்களில் மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறி அதனை எடுக்க வேண்டியிருந்தது. மிதிவெடியை விலக்கும் ஒட்டாவா உடன்படிக்கை 1997ஆம் ஆண்டில் எழுந்தது. இலங்கை 2017 டிசெம்பரில் அதிற் சேர்ந்தது. யார் என்று அறியாமற் கொல்லும் கருவி கூடாது என்று உலகின் பெரும்பகுதி ஒருமுறை உடன்பட்டது. தாமே தெரிந்து கொல்லும் வெடிகலம், வானுக்கு ஏறிய மிதிவெடியன்றி வேறென்ன?

ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்சபை 2023 டிசெம்பரில் இத்தகைய தன்னியக்கப் படைக்கலங்கள்பற்றி முதன்முறையாகத் தீர்மானமொன்றை நிறைவேற்றியது. 152 நாடுகள் அதற்கு ஆதரவளித்தன. இவற்றைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையை 2026ஆம் ஆண்டுக்குள் ஆக்குமாறு செயலாளர் நாயகம் அந்தோனியோ குட்டரெஸ் நாடுகளை வேண்டினார். எனினும் காற்று ஒருபக்கமாகவே வீசவில்லை. 2025ஆம் ஆண்டில் பின்லாந்து, போலந்து முதலிய ஐந்து ஐரோப்பிய நாடுகள் ஒட்டாவா உடன்படிக்கையிலிருந்தே விலகுவதாக அறிவித்தன. அச்சம் மிகும்போது நாடுகள் தாம் கைவிட்ட படைக்கலத்தையும் மீண்டும் தேடும் என்பதற்கு இது சான்று.

மாணவர்க்கு

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவருட் சிலர் கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துக்கோ வேறு பீடங்களுக்கோ செல்வர். சிலர் கடல் கடந்த நாடுகளிற் கணினித் தொழில் புரிவர். பழைய மாணவருள் அத்தகையோர் இன்றே பலர் உளர். நெல்லின் இலையில் நோயைப் படத்தால் அறியும் கணக்கும், கூட்டத்தில் மனிதனைப் படத்தால் அறியும் கணக்கும் அடிப்படையில் ஒன்றே. வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோனும் வெடிமருந்து சுமக்கும் ட்ரோனும் ஒரே பொறியால் எழுவன. ஆகவே இவ்வறிவைக் கல்லாதொழிக என்று கூறுதல் பேதைமை. கற்க, நன்கு கற்க. வெள்ளத்தில் அகப்பட்டவனைத் தேடவும், பயிரைக் காக்கவும், மறைந்த மிதிவெடியை நாடவும் இதே அறிவு வேண்டும்.

கற்றபின், உங்கள் கையால் ஆகும் எக்கருவியைக் குறித்தும் ஒரு வினாவைக் கேளுங்கள்: இதனை மீட்பவர் யார்? ஒரு மனிதர் பெயரை அதற்கு விடையாகக் கூற முடியுமாயின், அக்கருவியைப் பற்றி மேலும் வாதாட இடமுண்டு. கூற முடியாதாயின், அஃது எத்துணைக் கூர்மையுடையதாயினும் அசுவத்தாமன் கை அத்திரமே. செய்வோர் அவையில் இவ்வினாவை எழுப்புதற்கு வண்டின் கீழே வாழ்ந்தோர் மக்களினும் உரிமையுடையோர் சிலரே. அவ்வுரிமையைத் தர்மபுரத்துப் பிள்ளைகள் தக்க இடத்திற் பயன்படுத்துவாராக.